ஒரே மைதானத்தில் 33 சீசன்: ஒரு தற்காப்புப் பயிற்சியாளரின் பணிக்காலம் (நிகழ்வு ஆய்வு)

எதைப் பற்றிய பதிவு

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் உதவிப் பயிற்சியாளர்கள் ஓர் ஊரில் வேர் பிடிப்பது அரிது. இரண்டு மூன்று வருடம் ஓரிடம், அப்புறம் அதைவிடப் பெரிய பல்கலைக்கழகம். நன்றாகப் போனால் தலைமைப் பயிற்சியாளர் பதவி கிடைக்கும், இல்லாவிட்டால் வேலை போகும். வீடு மாற்றி, பிள்ளைகளுக்குப் பள்ளி மாற்றி, பெட்டி கட்டிக்கொண்டே இருப்பார்கள். இந்தப் பதிவில் வருபவர் அப்படி வாழவில்லை. 1987இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர், 2019 டிசம்பர் 31 அன்று அதே அணியோடு தன் கடைசி ஆட்டத்தை முடித்தார். 33 சீசன். அதில் 25 சீசன் தற்காப்பின் பொறுப்பு அவர் கையில் இருந்தது.

பெயர்களைத் தவிர்த்து, ஆட்களைப் பதவியால் மட்டுமே குறிப்பிடுகிறேன். ஆட்டங்களும் ஸ்கோர்களும் ஆண்டுகளும் பொதுப்பதிவில் உள்ளவை. இது ஏன் நடந்தது, அது ஏன் உடைந்தது என்று சொல்லும் இடங்களில் இருப்பது என் கணிப்பு. அவருடைய வெற்றி தோல்விக் கணக்கு எளிதில் கிடைக்கும். நான் பார்க்க விரும்பியது வேறு: ஒருவர் கற்றுக்கொடுத்த ஆட்டம் வருடத்துக்கு வருடம் எப்படிக் கைமாறிப் போனது, எந்த இடத்தில் கைமாறாமல் நின்றது.

ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம்

இது நம்மூர் கால்பந்து இல்லை. பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. அதற்குள் 10 யார்டு முன்னேறினால் இன்னொரு நான்கு முயற்சி. முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். தாக்குதலுக்கு ஒரு 11, தற்காப்புக்கு வேறொரு 11 என்று ஆட்களே தனித்தனி. ஒவ்வொரு முயற்சிக்கும் முன்னால் தற்காப்புப் பயிற்சியாளர் சைகையில் ஓர் அமைப்பைச் சொல்ல வேண்டும். எத்தனை பேர் முன்னே பாய்வது, எத்தனை பேர் பின்னால் காவல், யார் யாரைப் பிடிப்பது எல்லாம் அதில் அடக்கம். ஓர் ஆட்டத்தில் இப்படி அறுபது எழுபது முறை சொல்வார்.

ஆனால் அவர் சொல்வது பாதிதான். சைகை வந்தபின் எதிரணி கடைசி நொடியில் இடம் மாறும். அப்போது களத்தில் இருக்கும் பத்தொன்பது இருபது வயதுப் பையன்களே கத்திப் பேசி சரிசெய்துகொள்ள வேண்டும். கபடியில் பாடி வருபவரை மடக்கும்போது சங்கிலியில் ஒரு கை தளர்ந்தால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும். ஒருவர் தன் இடைவெளியை விட்டால் மற்ற பத்துப் பேர் சரியாக நின்றும் பயனில்லை.

இன்னொரு விதியும் இந்தக் கதைக்கு முக்கியம். இவர் காலத்தில் கல்லூரி வீரருக்கு ஐந்து வருடத்துக்குள் நான்கு சீசன் விளையாட அனுமதி இருந்தது. அதனால் முதல் வருடம் ஆடவிடாமல், பயிற்சி மட்டும் கொடுத்து உட்கார வைக்க முடிந்தது. இதை ரெட்ஷர்ட் என்பார்கள். பெரிய பெயர் இல்லாத பல்கலைக்கழகங்களுக்கு இது ஒரு வரம். 18 வயதில் மெலிந்து இருந்த பையன், 22 வயதில் உடம்பும் அறிவும் தேறிக் களத்தில் நிற்பான்.

1979–1992: சீடனாக இருந்த காலம்

இல்லினாய் மாநிலத்தின் சிறு ஊர் ஒன்றில் வளர்ந்தவர். கென்டக்கியில் உள்ள மர்ரே ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தற்காப்பு வீரராக ஆடினார். அங்கே அவருக்குத் தற்காப்பு கற்றுக்கொடுத்தவர் 1981இல் அதே அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். படிப்பு முடிந்ததும் இவர் அவரிடமே உதவியாளராகச் சேர்ந்தார். 1986 டிசம்பரில் அந்தத் தலைமைப் பயிற்சியாளருக்குத் தான் படித்த வர்ஜீனியா டெக்கிலிருந்து அழைப்பு வந்தபோது, இவரையும் கூட்டிக்கொண்டு போனார்.

போன இடம் சுகமாக இல்லை. முதல் சீசனில் 2 வெற்றி, 9 தோல்வி. அடுத்த சீசன் 3-8. ஆறாவது வருடமான 1992இல் 2 வெற்றி, 8 தோல்வி, ஒரு சமன். இன்றைய கல்லூரி ஃபுட்பாலில் ஆறாவது வருடம் இப்படி முடித்தால் தலைமைப் பயிற்சியாளர் தப்ப மாட்டார். அங்கே நிர்வாகம் அவரை வைத்துக்கொண்டது. ஆனால் உதவியாளர் குழுவில் பெரிய மாற்றம் நடந்தது. பலர் போனார்கள். நம் ஆள் தங்கினார்.

இந்தப் பதிவில் மற்ற எல்லாவற்றுக்கும் வேர் அந்த ஒரு நிர்வாக முடிவில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். 1992 டிசம்பரில் பொறுமை தீர்ந்திருந்தால் இந்த ஆய்வே கிடையாது.

1993–1995: எட்டுப் பேர் முன்னே

1993இல் வெளியிலிருந்து வந்த ஒரு பயிற்சியாளர் தற்காப்பை மாற்றி அமைத்தார். முன்வரிசையை ஒட்டி எட்டுப் பேர், பின்னால் மூன்றே பேர். எதிரணி பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவதை முதலில் அடைத்துவிட வேண்டும். ஓட வழியில்லாமல் அவர்கள் எறிந்தே ஆக வேண்டிய நிலை வந்ததும், எறிபவர் மீது பாய வேண்டும். எண்ணம் இவ்வளவுதான். இதற்கு ஒரு விலை உண்டு. ஓரங்களில் நிற்கும் இரண்டு கார்னர்பேக்குகளுக்குப் பின்னால் துணை இருக்காது. தனியாக ஓடி, தனியாகப் பந்தைத் தட்டிவிட வேண்டும்.

பலன் உடனே தெரிந்தது. 1993இல் 9-3, ஒரு பௌல் ஆட்ட வெற்றி. சீசன் முடிவில் நல்ல அணிகளுக்குக் கிடைக்கும் கௌரவ ஆட்டம்தான் பௌல். அந்த வருடம் தொடங்கிய பௌல் வரிசை 27 சீசன் அறுபடாமல் ஓடியது. 1994 முடிந்ததும் அந்தப் பயிற்சியாளர் வேறிடம் போய்விட, 1995இல் நம் ஆளும் இன்னொருவரும் சேர்ந்து தற்காப்புப் பொறுப்பை ஏற்றார்கள். அடுத்த வருடம் அந்த இன்னொருவரும் விலக, பொறுப்பு முழுதாக இவரிடம் வந்தது.

இவர் எடுத்த முதல் முடிவு, வந்த முறையை மாற்றாமல் வைத்துக்கொண்டது. பதவிக்கு வருபவர்கள் வழக்கமாகத் தன் முத்திரை என்று ஒன்றைக் கொண்டுவருவார்கள். இவர் அடுத்தவர் விதைத்ததை எடுத்து வளர்த்தார். விப், ரோவர், பேக்கர் என்று ஒவ்வோர் இடத்துக்கும் அந்த அணிக்கே உரிய பெயர்கள் நிலைத்தன. மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்க இந்தத் தனிமொழி பெரிய உதவி. அகராதி வருடா வருடம் மாறினால் யார் யாருக்குச் சொல்லிக்கொடுப்பது?

1995 தொடக்கம் படுமோசம். முதல் இரண்டு ஆட்டங்களிலும் தோல்வி, அதில் இரண்டாவது சின்சினாட்டியிடம் 16-0. பிறகு மயாமியை 13-7 என்று வென்றார்கள். அதிலிருந்து தொடர்ந்து பத்து வெற்றி. டிசம்பர் 31 அன்று ஷுகர் பௌலில் டெக்சஸை 28-10 என்று வீழ்த்தினார்கள்.

தகரச் சாப்பாட்டுப் பெட்டி

அந்த 1995இல்தான் பெட்டி வந்தது. சுரங்கத் தொழிலாளி ஒருவர் வேலைக்கு எடுத்துப் போன பழைய தகரச் சாப்பாட்டுப் பெட்டி. கூடப் பொறுப்பேற்ற பயிற்சியாளரின் குடும்பம் வழியாக வந்தது. ஆட்டத்தன்று தற்காப்பு வீரர் ஒருவர் அதைக் கையில் தூக்கிக்கொண்டு களத்துக்குப் போவார். உள்ளே அந்த சீசனுக்கான இலக்குகளை எழுதி வைத்திருப்பார்கள்.

வர்ஜீனியா டெக் இருக்கும் ப்ளாக்ஸ்பர்க், மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் அப்பலாச்சியன் மலைப்பகுதியில் உள்ளது. அந்த மலைப்பட்டிகளில் நிலக்கரிச் சுரங்கம்தான் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. காலையில் பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கி, இருட்டியபின் ஏறி வரும் வாழ்க்கையை அந்த ஊர் அறியும். அதனால் பெட்டியின் பொருளை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. முதலிடப் பட்டியல்களில் வராத பையன்களை எடுத்து வளர்க்கும் அணிக்கு, பகட்டில்லாத தினசரி உழைப்பைச் சொல்லும் ஒரு பொருள் கையில் கிடைத்தது.

2007 ஏப்ரல் 16 அன்று அந்த வளாகத்தில் 32 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த சீசனில் அந்த 32 பேரின் பெயர்களும் பெட்டிக்குள் இருந்தன. செப்டம்பர் 1 அன்று சொந்த மைதானமான லேன் ஸ்டேடியத்தில் ஈஸ்ட் கரோலைனாவுடன் முதல் ஆட்டம், 17-7 வெற்றி. ஸ்கோரை எழுதுவதற்கே தயக்கமாக இருக்கிறது, அந்த நாளில் அது முக்கியமில்லை. ஆனால் பெட்டி விளம்பரத்துக்காகச் செய்த பொருளாக இருந்திருந்தால், அந்தப் பெயர்களை அதில் வைக்க யாருக்கும் மனம் வந்திருக்காது.

1999–2010: உச்சம்

1999இல் பௌலுக்கு முந்தைய வழக்கமான சீசன் ஆட்டங்கள் பதினொன்றிலும் வெற்றி. நாட்டிலேயே எதிரணிக்கு மிகக் குறைந்த புள்ளி கொடுத்த அணி அதுதான். ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 10.5. அந்த அணியின் தற்காப்பு முனை வீரருக்கு லம்பார்டி, நகுர்ஸ்கி என்ற இரண்டு பெரிய தேசிய விருதுகளும் கிடைத்தன. 2000 ஜனவரி 4 அன்று ஷுகர் பௌலில் ஃப்ளோரிடா ஸ்டேட்டுடன் தேசியப் பட்டத்துக்கான ஆட்டம். 28-7 என்று பின்தங்கியிருந்தவர்கள் மூன்றாம் கால்பகுதி முடியும்போது 29-28 என்று முன்னால் வந்தார்கள். கடைசிக் கால்பகுதியில் தற்காப்பு 18 புள்ளிகளை விட்டது. 46-29. பட்டத்துக்கு அவ்வளவு அருகில் அந்தப் பல்கலைக்கழகம் அதன் பிறகு போகவே இல்லை.

இறக்கமும் வந்தது. 2003 சீசனை 6-0 என்று தொடங்கி 8-5 என்று முடித்தார்கள். கடைசி பௌலில் கலிஃபோர்னியாவிடம் 52-49 தோல்வி. தாக்குதல் அணி 49 புள்ளி எடுத்துக் கொடுத்தும் தற்காப்பு காப்பாற்றவில்லை. அப்போதே ஆளை மாற்றியிருக்கலாம், மாற்றவில்லை. 2005, 2006 இரண்டு வருடமும் எதிரணிக்குக் கொடுத்த மொத்த யார்டு கணக்கில் நாட்டிலேயே முதலிடம். 2006இல் புள்ளிக் கணக்கிலும் முதலிடம், சராசரி 11. அந்த வருடம்தான் நாட்டின் சிறந்த உதவிப் பயிற்சியாளருக்கான ப்ராய்ல்ஸ் விருது அவருக்குக் கிடைத்தது.

2007 செப்டம்பர் 8 அன்று எல்.எஸ்.யூ. அணியிடம் 48-7 என்று அடி வாங்கினார்கள். அக்டோபரில் பாஸ்டன் காலேஜ் அணியை ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் சொச்சம் இருக்கும்வரை ஒரு புள்ளிகூட எடுக்க விடாமல் வைத்திருந்து, அதற்குப் பிறகு இரண்டு டச்டவுன் (கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுசேர்ப்பது) விட்டு 14-10 என்று தோற்றார்கள். டிசம்பரில் அதே அணியை 30-16 என்று வென்று, தாங்கள் ஆடும் லீக்கான ஏ.சி.சி.யின் பட்டத்தை எடுத்தார்கள். 2004, 2007, 2008, 2010 என்று ஏழு வருடத்தில் நான்கு ஏ.சி.சி. பட்டங்கள்.

இந்தப் பன்னிரண்டு வருடங்களில் நான் கவனித்தது, நட்சத்திரங்கள் போனபின் இடம் காலியாகத் தெரியாதது. ஒரு கார்னர்பேக் தொழில்முறை லீக்கில் முதல் சுற்றிலேயே தேர்வாகிப் போவான். அடுத்த வருடம் அந்த இடத்தில் நிற்பவன் இரண்டு மூன்று வருடம் அவன் பின்னால் நின்று பார்த்தவனாக இருப்பான். பயிற்சியாளர் மாறவில்லை, முறை மாறவில்லை, சொற்கள் மாறவில்லை. அதனால் கற்பிக்கும் வேலையில் ஒரு பகுதியை மூத்த மாணவர்களே செய்தார்கள்.

2014: கொலம்பஸில் ஓர் இரவு

2014 செப்டம்பர் 6. கொலம்பஸ் நகரில் ஒஹையோ ஸ்டேட் மைதானம். எதிரணி நாட்டில் எட்டாமிடம். ஆனால் பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் அவர்களின் அனுபவமுள்ள குவார்ட்டர்பேக் ஆகஸ்டில் தோள் காயத்தால் விலகியிருந்தார். இறங்கியவர் புதியவர், அது அவருக்கு இரண்டாவது ஆட்டம். அவருக்கு முன்னால் காவலுக்கு நிற்கும் ஐவரிலும் நால்வர் புதியவர்கள்.

இதைப் பார்த்துத் தற்காப்புப் பயிற்சியாளர் எடுத்த முடிவு துணிச்சலானது. பேர் (Bear, கரடி) என்று சொல்லப்படும் அமைப்பில் முன்வரிசையை நெருக்கி அடைத்தார். நடுவில் நிற்கும் மூன்று காவலர்கள் ஒவ்வொருவருக்கும் எதிரே ஓர் ஆள். யாரும் யாருக்கும் கைகொடுக்க முடியாது. பின்னால் ஆழத்தில் காவலுக்கு ஆளே இல்லை. கார்னர்கள் எதிரியின் முகத்துக்கு நேரே நின்று ஒற்றைக்கொற்றை மல்லுக்கட்ட வேண்டும். எங்காவது ஒருவர் தவறினால் அது டச்டவுன்தான்.

தவறவும் செய்தார்கள். இரண்டாம் பாதியில் எதிரணி 21-21 என்று சமன் செய்தது. அப்போதும் அவர் அமைப்பைத் தளர்த்தவில்லை. புதிய குவார்ட்டர்பேக் 29 முறை எறிந்ததில் 9தான் கைக்குப் போய்ச் சேர்ந்தன. ஏழு முறை அவரைத் தரையில் சாய்த்தார்கள். மூன்று முறை பந்தைப் பறித்தார்கள், மூன்றாவதைப் பறித்தவர் நேராக ஓடி டச்டவுனே போட்டுவிட்டார். 35-21. அந்த சீசனில் ஒஹையோ ஸ்டேட் தோற்றது இந்த ஓர் ஆட்டம்தான். 2015 ஜனவரியில் தேசியப் பட்டத்தையும் அவர்களே எடுத்தார்கள்.

இந்த முடிவு பலித்ததற்கு அவருடைய அறிவு ஒரு காரணம், அதை நம்பிச் செய்து காட்டக்கூடிய கார்னர்கள் இருந்தது இன்னொரு காரணம். இரண்டாவது காரணத்தை நாம் போதிய அளவு கவனிப்பதில்லை. நான்கு வருடம் கழித்து அதுதான் குறைந்தது.

அதே சீசனில் நவம்பர் 22 அன்று வேக் ஃபாரஸ்ட் அணியுடன் முழு நேரமும் ஆடி 0-0. கூடுதல் நேரத்தில் 6-3 தோல்வி. நான்கு கால்பகுதியும் எதிரணியைப் பூஜ்யத்தில் வைத்திருந்து, வெறுங்கையோடு வீடு திரும்பிய தற்காப்பு. ஓர் உதவிப் பயிற்சியாளரின் அதிகாரம் எங்கே முடிகிறது என்பதற்கு இதைவிட நல்ல ஸ்கோர் எனக்குத் தெரியாது.

2015: குரு போனார், சீடர் தங்கினார்

2015 நவம்பர் 1 அன்று தலைமைப் பயிற்சியாளர் ஓய்வை அறிவித்தார். மர்ரே ஸ்டேட் நாட்களிலிருந்து கணக்குப் போட்டால் இருவரும் ஏறக்குறைய 37 வருடம் சேர்ந்து இருந்தவர்கள். அடுத்த தலைமைப் பதவி இவருக்கு வரவில்லை. மெம்ஃபிஸ் பல்கலைக்கழகத்திலிருந்து வயதில் இளையவர் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். புதியவர் தாக்குதல் பக்கத்துக்காரர். தற்காப்பை நீங்களே நடத்துங்கள் என்று இவரைக் கேட்டு வைத்துக்கொண்டார். இவரும் இருந்தார்.

தன்னைத் தாண்டி வேறொருவரைத் தேர்ந்தெடுத்த இடத்தில், அவருக்குக் கீழேயே அதே உழைப்பைக் கொடுப்பது லேசான காரியம் இல்லை. மனம் கசந்து போனவர்கள் நிறைய உண்டு, அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. 2016 சீசன் 10-4. பெல்க் பௌலில் ஆர்க்கன்சாவிடம் இடைவேளையில் 24-0 என்று பின்தங்கி, இரண்டாம் பாதியில் ஒரு புள்ளிகூடக் கொடுக்காமல் 35-24 என்று வென்றார்கள். 2017இல் எதிரணிகளுக்குக் கொடுத்த சராசரி 15 புள்ளிக்கும் குறைவு. தலைமை மாறியபோது தற்காப்பு ஆடிப்போகாமல் நின்றதற்கு அவர் தங்கியதுதான் காரணம்.

2018: சங்கிலி அறுந்த வருடம்

2018 செப்டம்பர் 22 அன்று, அந்த சீசனில் அதுவரை ஓர் ஆட்டமும் ஜெயிக்காத ஓல்டு டொமினியன் 49-35 என்று வென்றது. 632 யார்டு கொடுத்தார்கள். அக்டோபர் 25 அன்று ஜார்ஜியா டெக் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடியே 465 யார்டு எடுத்து 49-28 என்று வென்றது. நவம்பரில் பிட்ஸ்பர்க் ஓட்டத்தில் மட்டும் 492 யார்டு, 52-22. ஓட்டத்தை அடைப்பதற்காகவே 1993இல் உருவான தற்காப்பு, ஓட்டத்துக்கே வழிவிட்டது. சீசன் 6-7.

பயிற்சியாளருக்கு வயதாகிவிட்டது, ஆட்டம் அவரைத் தாண்டிப் போய்விட்டது என்ற பேச்சு அப்போது பரவலாக எழுந்தது. நான் அதை முழுதாக ஏற்கவில்லை. முந்தைய வருடம் அதே மனிதர், அதே முறை, 15 புள்ளிக்கும் குறைவு. மாறியது ஆட்கள்.

தொழில்முறை லீக் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2018 டிராஃப்டில் அந்தத் தற்காப்பிலிருந்து அண்ணன் தம்பி இருவர் முதல் சுற்றிலேயே போனார்கள். ஒரே வருடம் இரண்டு சகோதரர்கள் முதல் சுற்றில் தேர்வானது அதுவே முதல் முறை. நடுவில் நின்ற ஒரு பெரிய வீரரும் போனார். மூவருக்கும் கல்லூரியில் ஆட இன்னும் சீசன் மீதி இருந்தது. படிப்பை முடித்த மூத்தவர்கள் தனி. ஒழுங்கு நடவடிக்கையிலும் படிப்புத் தகுதியிலும் இன்னும் சிலர் விலக நேர்ந்தது. களத்தில் நின்றவர்கள் பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடப் பையன்கள். இடைவெளியை விடாதே என்று பக்கத்தில் நின்று கத்த மூத்தவன் இல்லை. எட்டுப் பேரை முன்னே நிறுத்தும் முறையில் பின்னால் தவறைத் திருத்த ஆள் கிடையாது. அதனால் சாதாரணமாக எட்டு யார்டு போகும் தவறு அறுபது யார்டு போனது.

அவர் தரப்பிலும் ஒரு தவறு இருந்தது என்று நினைக்கிறேன். அனுபவம் குறைந்த அணிக்கு முறையைச் சுருக்கி, பின்னால் ஓர் ஆளைக் கூட்டி நிறுத்தியிருக்கலாம். 25 வருடம் பலித்த ஒன்றை விட மனம் வராதது புரிகிறது. ஆனாலும் ஓல்டு டொமினியன் ஆட்டத்துக்குப் பிறகும் அதே அளவு துணிச்சலோடு ஆடியது அந்தப் பையன்களின் தோளுக்கு மீறிய சுமை.

சீசன் கடைசியில் அதே மாநிலத்தின் இன்னொரு அணியான வர்ஜீனியா பல்கலைக்கழகத்தைக் கூடுதல் நேரத்தில் 34-31 என்றும், பிறகு மார்ஷலை 41-20 என்றும் வென்று பௌல் வரிசையைக் காப்பாற்றிக்கொண்டார்கள்.

2019: அறிவித்துவிட்டு ஆடிய சீசன்

2019 ஆகஸ்ட் 1 அன்று, இதுதான் என் கடைசி சீசன் என்று அறிவித்தார். முதல் ஆட்டமே பாஸ்டன் காலேஜிடம் 35-28 தோல்வி. செப்டம்பர் 27 அன்று சொந்த மைதானத்தில் டியூக்கிடம் 45-10. அந்த இரவோடு எல்லாம் முடிந்தது என்றுதான் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

பிறகு மெல்லத் திரும்பியது. 2018இல் தடுமாறிய அதே பையன்களுக்கு ஒரு வயது கூடியிருந்தது. நவம்பர் 2 அன்று நோட்ரடாமிடம் கடைசி 29 நொடியில் ஒரு டச்டவுன் விட்டு 21-20 தோல்வி. நவம்பர் 16 அன்று ஜார்ஜியா டெக்கை 45-0. நவம்பர் 23 அன்று லேன் ஸ்டேடியத்தில் அவருடைய கடைசி ஆட்டம், பிட்ஸ்பர்க்கை 28-0. முந்தைய வருடம் ஓட்டத்தில் 465ம் 492ம் யார்டு எடுத்த அதே இரண்டு அணிகள். இரண்டுக்கும் பூஜ்யம். இந்த இரண்டு வாரங்களைப் பற்றி எழுதும்போது எனக்கு இன்றும் மனம் நிறைகிறது. முறை செத்துவிடவில்லை, பையன்கள் வளரக் காத்திருந்தது.

முடிவு அப்படி அமையவில்லை. அடுத்த வாரம் வர்ஜீனியாவிடம் 39-30 தோல்வி. அந்த அணியிடம் 15 வருடம் தொடர்ந்து வென்றுவந்த வரிசை அங்கே முடிந்தது. டிசம்பர் 31 அன்று பெல்க் பௌலில் கென்டக்கி. அவர்களின் குவார்ட்டர்பேக் இடத்தில் நின்றவர் பந்து பிடிக்கும் வீரராகச் சேர்ந்தவர். ஓடியே 233 யார்டு எடுத்தார், கடைசி 15 நொடியில் வெற்றிக்கான பந்தையும் எறிந்தார். 37-30. சீசன் 8-5.

பின் நடந்தது

அவருக்குப் பின் பொறுப்பேற்றவர் அதே பல்கலைக்கழகத்தில் அவரிடம் ஆடியவர், அப்போது அங்கேயே பயிற்சியாளராக இருந்தவர். தேர்வில் தவறு சொல்ல முடியாது. காலம்தான் கெட்டது. 2020 மார்ச்சில் பெருந்தொற்று வந்தது. புதிய பயிற்சியாளர் தன் சொற்களைப் பையன்களுக்குப் பழக்க வேண்டிய வசந்தகாலப் பயிற்சி அவருக்குக் கிடைக்கவில்லை. அக்டோபரில் வட கரோலைனா 56 புள்ளி எடுத்தது. சீசன் 5-6. பௌல் அழைப்பு வேண்டாம் என்று அணியே முடிவெடுத்தது. 1993இல் தொடங்கிய 27 வருட வரிசை அத்தோடு முடிந்தது. அத்தனை பௌலிலும் தற்காப்புப் பக்கம் இருந்தவர் இவர்.

2021 நவம்பரில் தலைமைப் பயிற்சியாளரும் போனார். அடுத்து அழைத்து வந்தவர் 1990களின் நடுவில் அங்கே இளம் உதவியாளராக இருந்து இவரிடம் தொழில் பழகியவர்.

எதை மாற்றிச் செய்திருக்கலாம்

முதலில், கைமாற்றம். 33 வருடம் ஒருவர் தலையில் இருந்த விஷயத்தை அடுத்தவருக்குக் கொடுக்க ஒரு குளிர்காலம் போதாது. 2015இல் தலைமை மாறியபோதே வாரிசைக் குறித்து, 2017, 2018 சீசன்களில் சில ஆட்டங்களுக்காவது சைகை சொல்லும் பொறுப்பை அவரிடம் விட்டிருக்கலாம். தோல்வி சூழ்ந்த வருடத்தில் யாரும் சோதனை செய்ய மாட்டார்கள். நன்றாகப் போகும் வருடத்தில்தான் அதைச் செய்ய முடியும், அந்த வருடம் 2017.

இரண்டாவது, வயதுக் கணக்கு. நல்ல வீரர்கள் மூன்றாம் வருடமே தொழில்முறைக்குப் போகிறார்கள் என்பது 2018க்கு வெகு முன்பே தெரிந்த விஷயம். 2018 அக்டோபரில் அணி மாற விரும்பும் வீரர்களுக்கான பதிவேடும் வந்துவிட்டது. ஐந்து வருடம் தங்குவார்கள் என்று நம்பிக் கட்டிய முறைக்கு, தங்காவிட்டால் என்ன என்று ஒரு மாற்று அமைப்பு கையில் இருந்திருக்க வேண்டும். பின்னால் ஒருவரை நிரந்தரமாக நிறுத்தும் எளிய அமைப்பு ஒன்றை ஒவ்வொரு வருடமும் கற்றுக்கொடுத்து வைத்திருந்தால், 2018இல் அதற்குள் ஒதுங்கியிருக்கலாம்.

ஓய்வை முன்கூட்டியே அறிவித்தது சரியா என்பதில் எனக்கு இரண்டு மனம் இருந்தது. டியூக் ஆட்டத்துக்குப் பிறகு அது தவறாகத் தெரிந்தது. போகப்போகிறவருக்காகப் பையன்கள் ஏன் உயிரைக் கொடுத்து ஆட வேண்டும்? நவம்பரின் அந்த இரண்டு ஆட்டங்களுக்குப் பிறகு அந்தச் சந்தேகம் போய்விட்டது. அவர்கள் அவருக்காகத்தான் ஆடினார்கள்.

வேறிடத்துக்குப் போயிருக்க வேண்டுமா என்ற கேள்வியை அவரைப் பற்றிப் பேசும் எல்லோரும் கேட்கிறார்கள். தலைமைப் பயிற்சியாளர் பதவியில் அவர் ஒருநாளும் அமரவில்லை, அது உண்மை. மாற்ற வேண்டியவற்றின் பட்டியலில் நான் அதைச் சேர்க்கவில்லை. அவர் 2000களில் கிளம்பியிருந்தால் 2014 கொலம்பஸ் இரவு இல்லை, 2019இன் இரண்டு பூஜ்யங்களும் இல்லை. தகரப் பெட்டியும் ஒரு பழைய புகைப்படத்தில் மட்டுமே இருந்திருக்கும்.